பனிக்கு ஒரு சுற்று

1

போன வெள்ளிக்கிழமை காலையில் என் அறைத் தோழர் வர்கீஸ் குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். உள்ளே நான் சட்டை, பேண்ட் எல்லாம் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன். வெந்நீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கதவின் கீழ் இடுக்கை ஈரத்துணியால் அடைத்திருந்தேன். கண்ணாடி தெரியவில்லை, எதிர்ச்சுவர் தெரியவில்லை. அந்த ஆவிக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றில் ஒரு காகிதக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாரே, நொம்ப நேரமாயிட்டு தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது. உயிரோட உண்டோ?" என்று வெளியிலிருந்து கத்தினார். வர்கீஸ் கோட்டயத்துக்காரர். என்னோடு இருந்து இருந்து 'நொம்ப' என்பதை எங்கள் சேலத்து வாயிலிருந்து பிடித்துக்கொண்டவர்.

கதவைத் திறந்தேன். ஆவி அவர் முகத்தில் அடித்தது. அவர் காகிதக் குழாயைப் பார்த்தார், என் நனைந்த சட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பது போல, "இது எந்தா சாரே?" என்றார்.

"ஏற்காடு," என்றேன்.

அவர் போய் அடுப்பில் டீ வைத்தார். நாலு வீடு தள்ளியிருப்பவர்களிடம், சாருக்கு லீவு கொடுக்காவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரியாத்தில் ஒருவன் தண்ணீரை இப்படித் திறந்துவிட்டுக்கொண்டு காகிதத்தைக் குளிப்பாட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்காவது நான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

2

நான் ஏற்காட்டுக்காரன். அப்பா காலத்தில் சேலத்திலிருந்து மலைமேல் போய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்த குடும்பம். நான் படம் வரையும் வேலை கற்றுக்கொண்டு, இங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக வந்து சேர்ந்தேன். வரும்போது மகள் கலா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தபோது ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் எனக்கு லீவு. அவளை மொத்தம் எத்தனை மாதம் நேரில் பார்த்திருக்கிறேன் என்று கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

கவலைப்படுவது எனக்கு இரண்டாவது உத்தியோகம். அடுப்பை அணைத்தேனா என்று ஆபீசிலிருந்து திரும்பி வந்து பார்ப்பவன் நான். ராத்திரி கண்ணை மூடினால் ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் போகும் பஸ்ஸை நானே ஓட்டிக்கொண்டிருப்பேன். அவளுக்குச் சளி என்று என் மனைவி தனம் சொன்னால், அடுத்த வெள்ளிக்கிழமை வரை எனக்கு மூச்சுத் திணறும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனமும் கலாவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் போன் பூத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் இங்கிருந்து கூப்பிடுவேன். பேச்சு இப்படித்தான் போகும்.

"நல்லா இருக்கறயா கண்ணு?"

"நல்லா இருக்கறனுங்கப்பா."

"சாப்புட்டயா?"

"சாப்புட்டனுங்க."

"படிப்பெல்லாம்?"

"படிக்கறனுங்க. அம்மாகிட்டக் குடுக்கட்டுங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்குத்தான் நான் பயப்படுவேன். கோபமாகவாவது கேட்டிருக்கலாம். அவ்வளவு மரியாதை! கடைக்கு வந்த பெரியவரிடம் பேசுகிற மாதிரி. ஊர்க்காரர்கள் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பும்போது எதிர்த்துப் பேசுகிறான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் மகள் என்னை ஒரு நாளும் எதிர்த்ததில்லை. எதிர்க்கிற அளவுக்கு நான் அவளுக்குச் சொந்தமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை அவளே கேட்டாள்.

"அப்பா, உங்க ஆபீசுல படம் சுருட்டி வெக்கற அட்டைக் கொழாய் இருக்குமுங்களா? நொம்பக் கெட்டியா?"

"எதுக்கு சாமி?"

கொட்டினாள் பாருங்கள்! பள்ளியில் அறிவியல் கண்காட்சி. டீச்சர் ஆளுக்கு ஒரு பொருள் செய்யச் சொல்லியிருக்கிறார். இவள் காகித ராக்கெட் செய்கிறாள். மருந்து, நெருப்பு எதுவும் இல்லை, காற்றுதான். "பழனிச்சாமி மாமா எஸ்டேட்டுல காப்பிச் செடிக்கு மருந்தடிக்கற ஸ்ப்ரேயர் டேங்க் இருக்குதுங்கல்ல, அதக் கழுவிட்டு வெறும் காத்த மட்டும் அடிச்சு ஏத்திக்கறது. டேங்குல இருந்து ஓஸு. ஓஸு முனைல ஒரு அரை இஞ்சுப் பைப்ப நட்டமா நிறுத்திக்கறது. ராக்கெட்டு அந்தப் பைப்பு மேல உறை மாட்டுன மாதிரி உக்காந்திருக்குமுங்க. டேப்பத் தொறந்தா காத்து அடிச்சுத் தூக்கீருமுங்க. ஆனா சும்மா தாள்ல பண்ணுனா அந்தக் காத்துக்கே கிழிஞ்சு போயிருதுங்கப்பா."

பழனிச்சாமி தனத்தின் அண்ணன், கரடியூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். என் மனசில் முதலில் வந்தது அந்த டேங்க் வெடிக்கிற காட்சிதான். ஆனால் அதைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். "ஆபீசு கொழாய் கனமா இருக்கும் கண்ணு. நானே சுத்தித் தர்றேன். லீவுக்கு வரும்போது கொண்டாந்துடறேன்," என்றேன்.

"நீங்களேங்களா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நூறு குழாய் சுற்றுவேன்.

அரை அங்குல இரும்புப் பைப் ஒரு முழம் வாங்கினேன். பழுப்புத் தாளைப் பட்டையாக வெட்டி, தச்சு வேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசை தடவி, முதல் சுற்று இடது சாய்வாக, அடுத்தது வலது சாய்வாக, நடுவில் காற்றுக்குமிழ் நிற்காமல் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினேன். இங்கே இருக்கிற வறட்சிக்கு ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் காய்ந்திருக்கும். உப்புத்தாள் போட்டு, மேலே இன்னொரு சுற்று. வால் பக்கத்து இறக்கைகளுக்கு வரைபடத் தாளை மூன்றாக ஒட்டி, கனமான புத்தகங்களுக்குக் கீழே அழுத்தினேன். மூக்குக்குக் கூம்பாகச் சுருட்டிப் பசையிலேயே ஊறவைத்தேன். கடைசியில் விரலால் சுண்டினால் குழாய் மரம் மாதிரி டக்கென்றது. பைப்பில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இடையில் மயிரிழைகூட இடமில்லை. அந்தப் பொருத்தத்தைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

என் கணக்கு இதுதான்: இது பறந்தால் மகள் என்னோடு பேசுவாள். பறக்காவிட்டால் மறுபடியும் மூன்று கேள்வி, மூன்று பதில், அம்மாகிட்டக் குடுக்கட்டுங்களா.

3

இங்கே லீவில் போவது என்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது அல்ல. பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும். அதை வாங்க ஒரு தாள், அந்தத் தாளுக்கு ஒரு முத்திரை, முத்திரை போடுகிறவர் தொழுகைக்குப் போயிருப்பார். திரும்பி வருவதற்கான விசா குத்தி வாங்கும்வரை உயிர் கையில் இருக்காது. விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம். மகளுடைய ராக்கெட் என்று எழுத முடியுமா? குடும்ப விசேஷம் என்று எழுதினேன். எழுதும்போது கை கூசியது. என்ன விசேஷம் என்று மேனேஜர் கேட்டதற்கு அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன்.

இறங்கிய விமான நிலையத்தில் சோதனை அதிகாரி குழாயைக் கையில் எடுத்தார். வளைகுடாவிலிருந்து வருகிறவன் எதைக் கொண்டுவந்தாலும் அதற்குள் தங்கம் இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"என்ன இது?"

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "ராக்கெட் சார்."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அட கடவுளே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காகிதம் சார், பொம்மை சார், பெண்ணுக்கு சார் என்று என்னென்னவோ உளறினேன். அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார், எடை பார்த்தார். காகிதத்துக்கு இவ்வளவு கெட்டியா என்று அவருக்குச் சந்தேகம். ஸ்க்ரூ டிரைவரால் கூம்பைக் குத்தினார். மூக்கு ஒரு பக்கம் நசுங்கிப்போனது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இளகி, "எவ்ளோ உயரம் போகும்?" என்றார்.

"தெரியாது சார்."

"அதுகூடத் தெரியாமலா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

அந்தக் கேள்வி ரயிலிலும் கூடவே வந்தது, சேலத்தில் மலை பஸ் ஏறியபோதும் கூடவே வந்தது. நவம்பர் மாதம். பாதி மலைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். குழாயைக் குளிக்கும் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

"ஏனுங்க, இப்படி இளைச்சுட்டீங்க?" என்று தனம் வாசலிலேயே கண் கலங்கினாள். கலா என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். "வாங்கப்பா," என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். சிறிது நேரத்தில் காப்பி கொண்டுவந்தாள். பூப்போட்ட பீங்கான் கப், கீழே தட்டு. அது எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் அலமாரியிலிருந்து எடுக்கிற கப். அவளும் தனமும் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். நான் கப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

துண்டைப் பிரித்துக் குழாயைக் கொடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பார்த்தாள். நகத்தால் தட்டினாள். நசுங்கிய மூக்கைத் தடவினாள்.

"நொம்ப நல்லா இருக்குதுங்கப்பா. தேங்க்ஸுங்க," என்றாள். பிறகு அதைப் பீரோ மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

4

இரண்டு நாள் கழித்து மச்சான் பழனிச்சாமி ஸ்ப்ரேயரோடு வந்தார். பித்தளை டேங்க், காற்றின் அழுத்தம் காட்டும் முள், ரப்பர் ஓஸ், முனையில் அரை அங்குலப் பைப். துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்துக்கறை டேங்க்கின் வயிற்றில் நீலமாகப் படிந்திருந்தது. முள் சிவப்புக்குப் போனால் வெடிக்குமா, ஓஸ் எப்போது மாற்றியது என்று நான் கேட்டதில் அவர் களைத்துப்போனார். "மாப்ள, தினமும் ஆளுக இத முதுகுல கட்டிட்டுத்தான் மருந்தடிக்கறாங்க. ஒண்ணும் ஆகாதுங்க," என்றார்.

பீரோ மேலிருந்து குழாயை எடுத்து வந்தேன். எல்லோரும் பார்க்கப் பைப்பில் மாட்டினேன். நாலு விரற்கடை போனது. நின்றது.

திருகினேன். அழுத்தினேன். நசுங்கிவிடும் என்று பயந்து உருவினேன், உருவவும் வரவில்லை. "இது வேற சைஸு பைப்பு," என்றேன்.

"அரை இஞ்சுதானுங்க மாப்ள."

"இருக்காது மச்சான். நான் அளவு பாத்துச் சுத்துனது."

கலா உள்ளே போனாள். அரிசி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. "அடியே, சோறாக்கற அரிசிடி அது! உன்ற கையக் கழுவுனயா?" என்று தனம் கத்தினாள். என் குழாயை ஒருவழியாகத் திருகி உருவுவதற்குள் கலா இன்னொரு காகிதக் குழாயோடு வந்தாள். செய்தித்தாளும் நோட்டு அட்டையும் கலந்து சுற்றியது. மைதா பசை. கோணல்மாணலான ஒட்டு. ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டுப் பைப்பில் மாட்டினாள். சரசரவென்று அடிவரை இறங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிசிக்குள் குழாய்! சின்ன வயதில் எங்கள் வீட்டில் தீப்பெட்டியை அரிசிக்குள்தானே புதைத்து வைப்போம். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் எது காய்ந்து கிடக்கிறது? உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விடும். சுவரில் மாட்டிய காலண்டர் சுருண்டு நிற்கும். காயப்போட்ட துணி மூன்றாம் நாள் நாற்றமெடுக்கும். காகிதம் என்றால் ஈரத்தைக் குடித்து ஊதத்தான் செய்யும். மயிரிழை இடமில்லாமல் சுற்றினேன் என்று பெருமைப்பட்டவன் நான். அந்த மயிரிழையை மலை தின்றுவிட்டது. ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஏற்காட்டுப் பனி ஞாபகமில்லை. இன்னும் எதையெல்லாம் மறந்திருக்கிறேனோ!

"நீ எப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன்.

அவள் தயங்கித்தான் சொன்னாள். "பைப்பு மேல மொதல்ல ஒரு சுத்து வெறுந்தாளச் சுத்திக்கோணுமுங்கப்பா. அதுக்கு மேலதான் பசை போட்டுச் சுத்தோணும். காஞ்சதும் உள்ள இருக்கற வெறுந்தாள உருவிரோணும். அந்த எடம் பனிக்குங்க. பனிக்கு ஒரு சுத்து உடலீன்னா ஊதிக்கிட்டுப் பைப்பக் கவ்விக்குமுங்க."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"ரெண்டு கெட்டுப்போச்சுங்க. அப்பறம் தெரிஞ்சுக்கிட்டேன்."

"போன்ல எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"நீங்க ஆசையா நானே பண்றேன்னு சொன்னீங்கல்லங்க," என்று கீழே பார்த்தாள்.

மறுநாள் காலையில் தனத்திடம் என் ஆற்றாமையைக் கொட்டினேன். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள், கப்பும் தட்டும் எடுத்து வைக்கிறாள், நான் என்ன ஜவுளிக்கடை ஏஜென்டா என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். "ஏனுங்க, புள்ள மரியாத குடுத்தா அதுக்கும் ஒரு கோவமுங்களா? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற மனுசங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாளா? எங்கிட்டத்தான் அதெல்லாம். வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க, தெனமும் எனக்கு எத்தன திட்டுன்னு." சமாதானத்துக்குத்தான் சொன்னாள். எனக்கு அது இன்னும் குத்தியது. தனத்துக்குக் கிடைக்கிற திட்டு எனக்குக் கிடைக்கவில்லையே.

கைக்கு வேலையில்லாமல் என் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலா வந்து நின்றாள்.

"அப்பா, இத அறுத்துக்கட்டுங்களா?"

குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அறுத்து?"

"மேல்பாதிக்கு இதப் போட்டுக்கலாமுங்க. அது வரைக்கும் பைப்பு வராது, பனியில ஊதுனாலும் பரவால்ல. என்ற கொழாய் முன்னாடி கனம் பத்தாம ஆகாசத்துல குட்டிக்கரணம் போடுதுங்க. உங்குளது நல்ல கனம், கெட்டி. முன்னாடி கனமா இருந்தா நேராப் போகுமுங்க."

அவள் ரம்பத்தை வைத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு குழாயையும் சேர்த்து, மூட்டுக்கு மேல் துணிப் பட்டையும் பசையும் சுற்றினாள். நசுங்கிய மூக்கை உள்ளிருந்து குச்சியால் தள்ளி நிமிர்த்தி, அதன்மேல் தன் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒட்டினாள். இறக்கைகள் என்னுடையவை, ஆனால் அவற்றையும் ஓரத்தில் கொஞ்சம் நறுக்கிச் சாய்வாக வைத்தாள். நான் சொன்ன யோசனைகளில் ஒன்றை ஏற்றாள், மூன்றைத் தள்ளினாள். தள்ளும்போது 'ங்க' போட மறந்துவிட்டாள். நான் அதைக் கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிரவு ராக்கெட் அரிசி டின்னில் தூங்கியது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை கரடியூரில் மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவருடைய காட்டுக்குப் போனோம். சாமை அறுத்து முடித்த சரிவு நிலம். கீழே ஒரு பெரிய பாறை, பாறையைத் தாண்டினால் காப்பி எஸ்டேட். எஸ்டேட்டுக்குள் விழுந்தால் ராக்கெட்டைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமில்லை. கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இது தொலைந்தால் இன்னொன்று செய்து காயவைக்க அந்த மழையில் வழியில்லை. இங்கே பறந்து, திரும்பக் கிடைக்க வேண்டும்.

மச்சான் பம்ப் அடிக்கத் தொடங்கினார். முள் ஏறியது. நான் டேங்க்குக்கும் கலாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வெடித்தால் என்மேல் படட்டும் என்றுதான்.

"அப்பா, நீங்க கீழ போயி நில்லுங்க," என்றாள் கலா.

"இங்கயே இருக்கறேன் கண்ணு. நீ பாட்டுக்குப் பண்ணு."

"இல்லீங்க, அந்தப் பாறகிட்ட."

"அவ்ளோ தூரமா?"

"ஆமாங்க. போங்கப்பா, மேகம் எறங்கறதுக்குள்ள."

மச்சான் டேங்க்கோடு, தனம் சோற்றுத் தூக்கோடு, எல்லோரும் அவளோடு மேலே இருக்கிறார்கள். என்னை மட்டும் அனுப்பிவிட்டாள். ரியாத்துக்கு அனுப்பினது பத்தாதா, இங்கேயும் தூரமாகவா என்று முணுமுணுத்துக்கொண்டே சாமைத் தாள் காலில் குத்தச் சரிவில் இறங்கினேன். பாறையை அடைந்து திரும்பினால் மேலே மூன்று புள்ளிதான் தெரிந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து மேலே எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. எனக்குக் காது அடைத்தது. இந்தச் சமயத்தில்தானே டேப்பில் கை வைத்திருப்பாள்? முள் எதில் இருக்கிறதோ, மச்சான் பார்த்தாரோ இல்லையோ. "கலா!" என்று கத்தினேன். அதே நேரம் மேலே டப்பென்று ஒரு சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் வெள்ளை. எங்கே போயிற்று? எஸ்டேட் பக்கம் ஓடினேன், திரும்பி வந்தேன், பாறை மேல் ஏறினேன், வழுக்கி இறங்கினேன். பைத்தியக்காரன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு வானத்தையே பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் விழுந்துவிடுமோ என்று இமைகூடக் கொட்டவில்லை. என்னப்பனே, மலைமேல் இருக்கிற சேர்வராயா, அதைக் கண்ணில் காட்டிவிடு என்று வேண்டினேன்.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு சிவப்பாக ஒன்று வந்தது. மூக்கு கீழாக, குத்தீட்டி மாதிரி நேராக, எனக்கு இடது பக்கம் ஈர மண்ணில் சதக்கென்று இறங்கி நின்றது. ஓடிப்போய் எடுத்தேன். மூட்டு விடவில்லை. மூக்கில் மண் அப்பியிருந்தது, நசுங்கவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேடேறினேன். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒன்றாகவே விட்டேன்.

"கெடச்சுதுங்களா?" என்று கலா பாதி வழி ஓடி வந்தாள். "எந்தப் பக்கம் வந்துச்சுங்க? நேராங்களா, சாஞ்சாங்களா? சுத்துச்சுங்களா?"

ஒன்று விடாமல் சொன்னேன். எங்கே மேகத்திலிருந்து வெளிப்பட்டது, எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது, எந்த இறக்கை முதலில் தெரிந்தது என்று எல்லாம். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில், "ஏன் சாமி என்னை அத்தனை தூரம் போகச் சொன்ன?" என்று கேட்டே விட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற யாருங்கப்பா நிப்பாங்க? மாமாவ நிறுத்துனா, மேல போச்சுன்னதும் போயிருச்சுன்னு பீடி பத்த வெச்சுக்குவாரு. அம்மா, எங்கயோ உழுந்திருச்சு போடின்னுட்டு வந்துருவாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு அப்படித்தான் தொலஞ்சு போச்சு. நீங்கதானுங்க உழுகற வரைக்கும் பயந்துக்கிட்டே பாத்துட்டு இருப்பீங்க."

பழனிச்சாமி சிரித்தார். தனமும் சிரித்தாள். அந்தக் காலை முழுக்க நான் பாறைக்கும் மேட்டுக்குமாக ஓடினேன். முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டது. ஒரு தடவைகூட ராக்கெட் தொலையவில்லை. சாயங்காலம் வீட்டில் கலா காப்பி கொண்டுவந்தாள், ஒடுங்கிப்போன எவர்சில்வர் டம்ளரில். சர்க்கரை கம்மி என்றேன். "எந்திரிச்சுப் போயிப் போட்டுக்கங்கப்பா, கை வேலையா இருக்கறேன்," என்றாள். போய்ப் போட்டுக்கொண்டேன்.

6

அதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கண்காட்சி நான் திரும்பி வந்த பிறகு நடந்தது. பரிசு வேறு யாருக்கோ போனதாம், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் வெள்ளிக்கிழமைப் பேச்சு நீண்டது. அப்புறம் பத்தாம் வகுப்பு வந்தது, டியூஷன் வந்தது. நடுவில் சில வெள்ளிக்கிழமை தனம் மட்டும் பூத்துக்கு வந்தாள். "புள்ளைக்குப் பரிச்சைங்க," என்பாள். வந்த வாரங்களிலும் கலாவின் பதில் சுருங்கிக்கொண்டே போவதாக எனக்குப் பட்டது. பழைய பயம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மாதம் முன்பு, இந்தத் தடவை இன்னும் நீளமாக ஒன்று செய்கிறேன் என்றாள். உடனே பிடித்துக்கொண்டேன். "முழுக் குழாயும் நான் சுத்தறேன், பனிக்கு ஒரு சுத்து விட்டே சுத்தறேன்," என்றேன். "சரிங்கப்பா," என்றாள். ஆனால் நீளக் குழாய் எவ்வளவு ஊதும்? ஒரு சுற்று போதுமா, இரண்டு வேண்டுமா? ரியாத்தில் உட்கார்ந்து ஏற்காட்டுப் பனியை எதை வைத்து அளப்பது? அதற்காகத்தான் குளியலறை. முதல் குழாய் ஆவியில் பசை விட்டுப் பிரிந்தது. அடுத்தது வாழைக்காய் மாதிரி வளைந்தது. வர்கீஸ் கதவைத் தட்டியபோது தொங்கிக்கொண்டிருந்தது மூன்றாவது. அதுவும் ஒரு பக்கம் கோணத் தொடங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் போன் செய்தேன். கலாதான் எடுத்தாள். கேட்பதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"கண்ணு, கொழாய் இன்னும் சரியா வர்ல. ஆவில வெச்சா கோணிக்குது. நீ கவலப்படாத, இன்னொண்ணு சுத்தறேன். யாராச்சும் ஊருக்கு வர்றவங்ககிட்டக் குடுத்து உடறேன். மேனேஜர் ஊர்ல இல்ல, என்ற லீவு இந்த வருசம்..."

"ராக்கெட்டு பண்ணி முடிச்சுட்டனுங்கப்பா," என்றாள்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். "முடிச்சுட்டயா? முழுசாவா?"

"ஆமாங்க. போன மாசமே முடிஞ்சுதுங்க. அரிசி டின்னுக்குள்ள அடங்கல, அம்மா நெல்லு மூட்டைல சொருகி வெச்சிருக்கறாங்க."

அப்படியானால் என் குழாய் வேண்டாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது மறுபடியும் அந்த மரியாதைதான் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உட்டுப் பாத்தயா? எவ்ளோ ஒயரம் போச்சு?"

"இன்னும் உடலீங்க."

"ஏன் சாமி? மாமா ஸ்ப்ரேயர் தர்லயா?"

"அதெல்லாம் இருக்குதுங்க," என்றாள். போனில் கொஞ்சம் இரைச்சல். பிறகு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "கீழ நிக்கறதுக்கு ஆள் இல்லீங்கப்பா. நீங்க எப்பத்தான் வருவீங்க?"

என் லீவு முறைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தும், சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக ஆபீசுக்குப் போய் லீவு விண்ணப்பத்தை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் போன தடவை எழுதியதையே எழுதினேன், குடும்ப விசேஷம். இந்தத் தடவை கை கூசவில்லை.